முதலில் மூடிய இணைப்பு

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாமா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? நான் நலம். தூக்கம்தான் பாக்கி.

நான்கு நாள் பாப்பாவைப் போனில் கூப்பிடாததற்குக் காரணம் சொல்கிறேன், பயப்படாதீர்கள். எங்கள் அலுவலகத்தின் பெரிய கணினிகளான சர்வர்களுக்குள் தொலைவிலிருந்தே நுழைய ஒரு வழி உண்டு. பாஸ்வேர்டு இல்லாமலே எவனும் நுழைந்துவிடும்படி அதில் ஓர் ஓட்டை. இருநூறு சர்வரிலும் இரவு பகலாக அதை அடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடைத்ததும் புதிதாக ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டுத்தான், திறந்திருக்கும் பழைய இணைப்பை மூட வேண்டும். கண் சொருகியதில் கடைசி சர்வரில் முதலிலேயே மூடிவிட்டேன். அடைத்ததில் ஏதோ பிசகு, என்னாலேயே உள்ளே போக முடியவில்லை.

"திருடன் வராமப் பூட்டச் சொன்னா, வீட்டுக்காரியே வெளியில நிக்கிறியேம்மா" என்றார் மேலாளர். சர்வர் இருக்கும் குளிர் அறைக்கே போய்ச் சரிசெய்தேன். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது. உங்கள் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார்.

நேற்று கூப்பிட்டபோது "அம்மா வேணாம், போ" என்று ஓடிய பாப்பாவை அதட்டினீர்களே, வேண்டாம் அத்தை. அவள் கோபம் நியாயம்தான். செருப்பு வாங்க அவள் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்புங்கள். இனி நான் கூப்பிட்டால் அவளைப் பேசச் சொல்லாதீர்கள். அவள் விளையாடும் இடத்தில் போனை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

மேலாளர் கூப்பிடுகிறார், இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் மருமகள்