காலனி என்றால் என்ன? (5 மதிப்பெண்)

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள் மட்டும் பைக்குள் பத்திரம்.

செய்ய வேண்டியவை: தாள் கொடுப்பது. குடைக்கம்பி. அம்மாவுக்கு போன். ‘உலகக் குடிமக்கள்’ சார்ட்.

சார்ட் மேலிடத்து உத்தரவு. தூர தேசத்துப் பிள்ளைகளுக்கு நீதி கேட்டுப் படம் வரைய வேண்டுமாம். வரைவோம். எவ்வளவு தூரமோ அவ்வளவு நிம்மதி, எல்லோருக்கும்.

மூன்றாம் பீரியடில் தாள் கொடுத்தேன். ஜெனிபர் தாளோடு மேசைக்கு வந்தாள். கேள்வி: காலனி என்றால் என்ன? எடுத்துக்காட்டுடன் விளக்குக. புத்தக விடை: அந்நியர் ஆளும் நிலப்பகுதி. அவள் எழுதியது:

“காலனி என்பது எங்கள் தெரு. அதை ஊர்த்தெரு ஆள்கிறது. எடுத்துக்காட்டு: தண்ணீர்த் தொட்டியின் வால்வு ஊர்த்தெருவில் இருக்கிறது. அவர்கள் திறந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர் வரும்.”

நான் சைபர் போட்டு, ‘பாடத்தைப் படி’ என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். ஐம்பதாவது தாளோ என்னவோ. அசதி.

“இதுல எது மிஸ் தப்பு?”

ஆங்கிலேயர், வணிகம் என்று ஆரம்பித்தேன்.

“அவங்களும் தண்ணிய அடைச்சாங்களா மிஸ்?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் முகம் சூடாகிவிட்டது. சைபரை அடித்து ஐந்து போட்டேன். பதிலை வகுப்புக்குப் படித்தும் காட்டினேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. புழுக்கம். ஹெச்.எம். அறையில் எட்டாம் வகுப்பு மனோஜின் அப்பா. ஊர்த்தெருக்காரர். பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். வராண்டா வரை கேட்டது:

“பாடம் நடத்த வந்தாங்களா, ஊர ரெண்டாக்க வந்தாங்களா?”

ரெண்டாக இருப்பதைத்தானே அவள் எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கேட்பது: ஜெனிபர் பிரேயரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னை அனுப்ப வேண்டும். நான் தற்காலிக ஆசிரியை. பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும், சொந்த ஊர் வேதாரண்யத்துக்கு மூட்டை கட்டலாம். வெள்ளி மதியம் கூட்டம்.

ஹெச்.எம்.: “எதுக்கும்மா படிச்சுக் காட்டுனீங்க? மார்க்கப் போட்டுட்டுக் கம்முனு இருந்திருக்கலாம்ல?”

கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு ஏழு மாதம்.

வேலை போனால் வேறு தேடுவேன். பிரேயரில் நின்று மன்னிப்புக் கேட்டால் அவள் இனி எந்தத் தாளிலும் கண்ணால் பார்த்ததை எழுத மாட்டாள். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

நவம்பர் 6, வியாழன்

ஜெ. வரவில்லை. சார்ட் பாதி. பசை காலி. மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் அம்மாவுக்கு போன். களை பறிக்கும் இடத்திலிருந்து பேசினார்; பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும்.

“காய்ச்சலுன்னு எழுதிக்கங்க மிஸ். நாளைக்குக் கூட்டத்துக்கு நான் வர்றேன்.”

“உங்களுக்குக் கூலி போயிடுமேக்கா.”

“போனா போவுது. வர்றேன்.”

நவம்பர் 7, வெள்ளி

முடிந்தது.

குழுத் தலைவி வசந்தா அக்காவும் ஊர்த்தெருதான். அதனால்தான் பயந்தேன். அவர் ஜெ.யின் அம்மா கொண்டுவந்த தாளை வாங்கி, தானே உரக்கப் படித்தார். “பாத்தீங்களா, பாத்தீங்களா?” என்றார் மனோஜின் அப்பா.

ஜெ.யின் அம்மா நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. காலில் சேறு காய்ந்திருந்தது.

“தப்புன்னா மார்க்கக் கொறைங்க. பொய்யின்னா சொல்லுங்க, நானே கூட்டியாந்து மன்னிப்புக் கேக்க வெக்கிறேன். இதுல எது பொய்யி?”

மனோஜின் அப்பா செருமினார். “அது வந்து... மோட்டார் ரிப்பேரான நாள்ல...”

“என்ன மோட்டார்?” என்றார் வசந்தா அக்கா. “நேத்து வால்வ நான்தானண்ணே தொறந்துவிட்டேன். அதுவும் எங்க வீட்டு டிரம்மு ரெண்டும் நெறஞ்சப்புறம். புள்ள பாத்தத எழுதியிருக்கு. இதுக்கொரு கூட்டம்! டீ ஆறுது, குடிங்க.”

தீர்மானம்: மன்னிப்பு கிடையாது. நான் தொடர்கிறேன். எல்லோரும் கையெழுத்து. மனோஜின் அப்பாவும் போட்டார், பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறிவிட்டு.

வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன். “அது பஞ்சாயத்து சமாச்சாரம்மா” என்றார் ஹெச்.எம். எரிச்சல். ஆனாலும் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளிப்போனார்.

இரவு: இட்லி 4, பொங்கல் 1, மறுபடி இட்லி 2.

நவம்பர் 10, திங்கள்

வெயில். ஜெ. வந்துவிட்டாள். முதல் பீரியடிலேயே தாளும் கையுமாக மேசைக்கு வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அடக்கமாக ஒரு பதிலையும் மனதில் தயார் செய்துவிட்டேன்.

“மிஸ், அஞ்சு போட்டீங்க. கூட்டல்ல சேக்கவே இல்ல.”

முப்பத்தாறை அடித்தேன். நாற்பத்தொன்று.