மாதம் பிறக்கும்வரை பொறுத்தவளுக்கு

என் பிரியமான சுகந்தி அக்கா,

நீ போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. போன கிழமை உனக்குத் திவசம் கொடுத்தோம். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து, சாப்பிட்டு, உன்னை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். "பொறுமைன்னா அது சுகந்திதான்." "பூவும் பொட்டுமா போன மகராசி." "கடைசி வரைக்கும் புருசனுக்கு ஒரு தொந்தரவு குடுக்கலையே!" எனக்கு வடைச்சட்டியைத் தூக்கி யார் தலையிலாவது போடலாம் போல வந்தது. யார் தலையில் போடுவது என்றுதான் தெரியவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வாராம். நீயும்தான் பொறுத்தாய். உனக்குக் கிடைத்தது தேயிலைக்குள் ஆறடி. அதுவும் தோட்டத்து நிலம்தான், நம்முடையது இல்லை.

உன் மகள் நடக்கிறாள். கவிஷ்கா என்று அத்தான்தான் பெயர் வைத்தார், நீங்கள் இருவரும் பேசி வைத்த பெயராம். வெளிநாட்டிலிருந்து உன்னைப் பெட்டியில் அனுப்பிவிட்டு, மறுமாதம் இவளைக் கையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனார். நெற்றி உன்னுடையது, காது அவருடையது. அம்மாவை ஆயா என்கிறாள், என்னைத்தான் அம்மா என்கிறாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமா அக்கா?

அத்தான் வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருகிறார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைத் திட்டலாம் என்று எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறேன். எதைச் சொல்லித் திட்ட? அந்த மனுசனிடமும்தான் நீ சொல்லவில்லையே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அம்மா உனக்காக எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். பழைய சேலைகளை வெந்நீரில் போட்டெடுத்து, வெயில் அடித்த நாளாய்ப் பார்த்துக் காயவைத்து மடித்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து இடிக்க நான் லிந்துலைக்குப் போய்ச் சரக்கு வாங்கி வந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு வேலை மாறியது. விசா மாற்ற இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் கொடுத்தீர்கள். அவை கைக்கு வந்தபோது, இந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, அங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாய். புதுக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் சோதனைக்காலம் முடிந்து, அடுத்த மாதம் பிறந்த பிறகுதான் அது பெண்டாட்டி பிள்ளைக்குச் செல்லும். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தால் முழுச் செலவும் நம் தலையில். டாக்டர் குறித்த தேதி மாதம் பிறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான். "கணக்கு சரியாத்தான்டி இருக்கு, ஒன்னும் பயமில்ல" என்று போனில் சிரித்தாய். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, அத்தான் வேலைக்குப் போன பிறகு, உனக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அத்தானைக் கூப்பிடவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தாய். அவளிடமும் குடம் உடைந்ததைச் சொல்லாமல், "லேசா வலிக்குதும்மா, நாளன்னைக்கி வரைக்கும் தாங்குமா?" என்று மட்டும் கேட்டாய்.

அம்மாவிடம் அப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அவளிடம் இருந்தது ஒரே கதைதானே. நீ பிறந்த கதை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது வலி கண்டதாம். அந்தியில் கொழுந்து நிறுக்கும் முன்னால் இறங்கிவிட்டால் அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம். அதனால் கூடையோடு வரிசையில் நின்று, நிறுத்து, முழுப்பேர் வாங்கிக்கொண்டு, லயத்துக்கு நடந்து வந்து, விளக்கு வைக்கும் முன்னால் உன்னைப் பெற்றாளாம். நம் தோட்டத்தில் மாசமாக இருக்கிற பெண்கள் எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் தைரியம் கொடுப்பார்கள். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? தெரியாமல் என்ன, நீ அந்தக் கதையைக் குடித்து வளர்ந்தவள்தானே.

"தலப்புள்ளைக்கு வலி வரும், போகும் தாயி. பல்லக் கடிச்சிக்க. நான் கொழுந்து நெறுக்குற மட்டும் பொறுக்கலையா?" என்று சொல்லியிருக்கிறாள். "நானும் ஓம் புள்ளதானேம்மா" என்று சிரித்தாயாம். அம்மாவும் சிரித்திருக்கிறாள். அதை அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

முதல் தேதி விடிந்ததும் நீயே அத்தானை எழுப்பி, "இப்ப போகலாங்க" என்றாயாம். தலைவாரி, பொட்டு வைத்துத் தயாராக இருந்தாயாம். தொட்டால் உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். நீ டாக்டரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாய்; குடம் உடைந்து இவ்வளவு நேரம் ஏன் வைத்திருந்தீர்கள் என்று அவர் அத்தானைக் கேட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். நீ பிள்ளையைச் சரியாகப் பார்த்தாயா இல்லையா என்று அத்தானுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை அக்கா. மாதம் பிறந்த பிறகு வந்தவள் என்பதால் ஒரு சதம் விடாமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள். முழுப்பேர் விழுந்தது உனக்கு. சந்தோஷமா?

இந்தத் தோட்டத்தில் என்ன வாழ்கிறது என்றுதானே போனாய். உண்மைதான், இன்னும் கூரை ஒழுகுகிறது, இன்னும் ரோடு குண்டும் குழியும்தான். ஆனால் ராத்திரி பகல் எந்நேரம் வலி வந்தாலும் கொழுந்து லொறியிலாவது போட்டுக் கொண்டுபோவார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வாசலில் இன்றைக்கு என்ன தேதி என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பளிங்குத் தரையில், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு நீ யாரிடம் பேர் வாங்கப் பொறுத்தாய்? அங்கே ஒரு கங்காணிகூட இல்லையே!

என்னை ஏன் கூப்பிடவில்லை? நான் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அத்தானுக்குப் போன் போட்டுக் கிழித்திருப்பேன். அது தெரிந்துதான் கூப்பிடாமல் விட்டாயா?

அம்மா அந்தக் கதையை இப்போது யாருக்கும் சொல்வதில்லை. உன் பெட்டி வந்த அன்றைக்கும் அவள் அழவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்னா நெஞ்சுரம் பாரு" என்று அதையும் புகழ்ந்தார்கள், பாவிகள்.

நேற்று, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் கிளினிக். கவிஷ்காவுக்கு ஒரு வயது ஊசி. அம்மாதான் மடியில் வைத்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் கூரை பிய்கிற மாதிரிக் கத்தின. இவளுக்கு ஊசி இறங்கியது. உதடு பிதுங்கியது, கண் நிறைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஊசி போட்ட சிங்கள நர்ஸ் நோனா கன்னத்தைத் தட்டி, "ஹொந்த பபா, நல்ல புள்ள" என்றாள். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை, "அப்படியே ஆத்தா மாதிரி பொறும" என்றாள்.

அம்மா எழுந்துவிட்டாள். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கத்துடி" என்றாள். பிள்ளை விழித்தது. "வலிக்குதுல்ல? கத்துடி தாயி! கத்து!"

அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. நோனா பயந்து எட்டப் போய் நின்றாள். பாக்கியம் அத்தை "என்னாச்சி இவளுக்கு" என்று என் கையைப் பிடித்தாள். பிள்ளை மிரண்டு, மூச்சை உள்ளே இழுத்து, ஒரே வீறாக வீறிட்டது. அம்மா அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "அப்படித்தான், இன்னும் கத்து, ஆயா இருக்கேன், ஆயா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷம் கழித்து, நேற்றுத்தான் அக்கா அம்மா உனக்காக அழுதாள்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கு நாள் எடுக்கும். ஆனால் இதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: உன் மகளைப் பொறுமைசாலி என்று இந்தத் தோட்டத்தில் ஒரு வாய் சொல்ல விடமாட்டேன். முள் குத்தினாலும் மலை அதிரக் கத்துவாள். நேரம் பார்க்க மாட்டாள், நாள் பார்க்க மாட்டாள், யாருக்குச் செலவு என்று பார்க்க மாட்டாள். அவள் கத்தினால் நாங்கள் ஓடுவோம்.

இப்படிக்கு,
உனக்காக ஓடி வர விடாமல் நீ விட்டுப்போன தங்கச்சி,
நித்யா