மஞ்சள் நாடா ஒட்டிய மைக்

8 மார்ச் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை எடுத்துவிட்டார்கள். ஐந்து பையன்கள் சேர்ந்த பாட்டுக்குழு, நான் ஐந்தாவது. பயிற்சி முடியும்வரை போன் கூடாதென்று கம்பெனிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம். ஐவருக்கும் ஒரே அறை. எங்களில் மூத்தவன் குறட்டைகூடச் சுருதியோடுதான் விடுகிறான். நாளெல்லாம் ஆட்டம், முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் டான்ஸ் மாஸ்டர் என்னைத்தான் முன்னால் நிறுத்துகிறார். நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிடு.

உன் தம்பி

19 ஆகஸ்ட் 2016

செல்லத் தம்பிக்கு,

சொல்லாமல் இருப்பேனா? லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கடையே உங்கள் முதல் பாட்டைக் கேட்டது. "இதுல உன் தம்பி எங்கம்மா பாடறான்?" என்றார் முதலாளி. "இருங்க, வருவான்" என்றேன். பாட்டு முடிந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டும் உன் குரல் அகப்படவில்லை. குளிக்கப் போனால் தெருவையே எழுப்புவாயே, அந்தக் குரலா எனக்குத் தெரியாமல் போகும்? கொஞ்சம் வருத்தம்தான். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அக்கா

2 நவம்பர் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

போன் கைக்கு வந்து வெகுகாலமாகியும் இதை எழுதத்தான் வருகிறது. பேசினால் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான். பஸ் நிறுத்தங்களில் எங்கள் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. உண்மையில் பாடுவது நால்வர்தான். மேடையில் யார் மைக் என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நாடா ஒட்டுவார்கள். மூத்தவனுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள். மஞ்சளை மட்டும் ஒலிக்காரர் திறப்பதே இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை அசைத்தே பிழைக்கிறேன்.

அடுத்த மாதத்தோடு குழு கலைகிறது. சண்டையெல்லாம் இல்லை. மூத்தவனுக்குக் கல்யாணம், எனக்கு நடனப் பள்ளியில் வேலை. கடைசி நிகழ்ச்சிக்கு நீ வராதே அக்கா. என் வாயையே பார்ப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும்.

தம்பி

10 நவம்பர் 2019

தம்பிக்கு,

டிக்கெட் வாங்கியாகிவிட்டது. நீ ஆடுவதைப் பார்க்க வருகிறேன்; அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லையடா. எனக்காக ஒரே ஒரு வரி உன் குரலில் பாடமாட்டாயா? முடியாதென்றால் விடு, கோபமில்லை.

அக்கா

14 டிசம்பர் 2019

என் கண்ணுக்கு,

பதிலே போடவில்லையென்று முறைத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தேன். முடிந்ததும் கூட்டத்தில் உன்னைப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். உங்கள் பாட்டெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மூத்தவன் உன்னைக் கட்டிக்கொண்டான். விலகியபோது மஞ்சள் அவன் கையில், பச்சை உன் கையில். லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தப்புமா? ஒலிக்காரர் வழக்கம்போலப் பச்சையைத் திறந்திருக்கிறார். மூத்தவன் வாயை மட்டும் அசைத்தான். அவன் வரியை நீ பாடினாய்.

குரல் மேலே ஏறும் இடத்தில் சுருதி விலகியது. குளிக்கும்போது விலகுமே, அதே மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "இது யார் குரல்னே தெரியலையேக்கா" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன்.

உன் அக்கா