செக் அகராதியில் அகப்படாத துக்கம்

என் அருமை அண்ணாவுக்கு,

சொல்லச் செய்தி நிறைய இருக்கிறது. சொல்லும் ஆசைதான் இல்லை. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், ரயிலில் யாராவது சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். நீங்கள் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இவள் என்ன கல்லா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

உங்கள் மனைவி யானாவும், அதாவது என் மச்சாளும், அழவில்லை. உங்கள் செத்த வீட்டுக்கு மெல்பேர்ன் தமிழ்ச்சனம் முழுக்கத் திரண்டு வந்தது. ஸ்பிரிங்வேல் அன்ரிமார் சோறு கறியோடு வந்து குசினியைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சாள் வாசலில் நின்று, புறப்பட்ட ஒவ்வொருவரிடமும், நீங்கள் பழக்கிய அதே அழகோடு "போட்டு வாங்கோ" என்றார்.

அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். செத்த வீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லிக்கொண்டு போவதும் இல்லை, 'வாங்கோ' என்று அனுப்புவதும் இல்லை. போய்த் திரும்பி வரும் பேச்சை எடுத்தால் இன்னொரு சாவை அழைத்த மாதிரி. ஒரு அங்கிள் யாருடையதோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சாளுக்கு எதையும் விளக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பிறகு ஒரு காலை மச்சாள், செக் நாட்டில், பேர்னோவில் இருக்கும் தன் அம்மாவிடமே போய்விடப் போவதாக என்னிடம் சொன்னார். ஒருவழி டிக்கெட் எடுத்தாயிற்று. நீங்கள் எப்போதும் உட்காரும் கதிரையில் இருந்துகொண்டு, போனில் ஆங்கில-செக் அகராதியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

மனநல ஆலோசகர், 'கிரீவ்' பண்ண நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். எதைப் பண்ணச் சொல்கிறார் என்று மச்சாள் தேடிப் பார்த்திருக்கிறார். 'ட்ருக்லிட்' என்றால் கறுப்பு உடுத்தித் துக்கம் காப்பது. 'ஒப்லகாவட்' என்றால் செத்தவருக்காக அழுவது. 'ஜெலெட்' என்பதில் கொஞ்சம் வருத்தப்பட்டு நோவதும் சேர்ந்திருக்குமாம். அதே ஆங்கிலச் சொல், இன்னொருவரை நோகச் செய்வதையும் குறிக்கும். அதற்குச் செக்கில் 'ர்மோவ்டிட்'.

"இந்தக் கடைசிச் சொல், உன் அண்ணா செய்தது," என்றார் ஆங்கிலத்தில். "மற்றதில் எதையும் நான் செய்யவில்லை. நீ?"

"நானும் இல்லை."

"தமிழில் என்ன செய்வீர்கள்?"

துக்கம் விசாரிப்போம் என்றேன். இழந்தவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருப்பது என்று விளக்கினேன். மச்சாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியென்றால் எல்லோரும் ஏன் அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்? அவர் போய்விட்டார், இனி நான் உங்கள் ஆள் இல்லை, அதுதானே?"

ஐயோ அண்ணா, அந்த டிக்கெட் இதற்காகத்தானா? செத்த வீட்டு வழக்கம் எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் எத்தனை பேரிடம் சொன்னேன்!" என்று சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்றது. "அன்றைக்குக் காலையில் அவர் சொல்லிவிட்டுத்தானே போனார்?" என்று கேட்டார்.

ஓம், சொன்னீர்கள். வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, எப்போதும்போல "போட்டு வாறன்" என்றீர்கள். மத்தியானம் நெஞ்சுவலி என்று உங்கள் வேலையிடத்திலிருந்து போன் வந்தது. வாறன் என்று சொன்னவர் திரும்பி வரவில்லை.

நேற்று மச்சாளை விமான நிலையத்தில் விட்டேன். டிக்கெட்டை இருவழியாக மாற்றிவிட்டார். பாதுகாப்புச் சோதனைக்குள் போனவர் திரும்பி, சனத்துக்கு நடுவில் சத்தமாக, "போட்டு வாறன், மச்சாள்!" என்றார்.

"போட்டு வாங்கோ!" என்று கத்தினேன். பிறகு கார் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். அந்த அகராதியில் எந்தச் சொல் இது என்று தெரியவில்லை, அண்ணா. அழுதேன், அவ்வளவுதான். இப்போது மறுபடியும் மரத்துப் போயிருக்கிறேன்.

மச்சாள் வரும் நாளில் நான்தான் போய்க் கூட்டிவருவேன். அவர் எப்போதும் எங்கள் ஆள்தான். இது சத்தியம்.

உங்களிடம் மட்டும் நான் 'போட்டு வாறன்' என்று சொல்லிக்கொள்ளாமல் எழும்புகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கச்சி