அந்த நாலு வரியை நான் பாடவில்லை

என் அமலிக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பழக்க தோஷம். நான் நல்லா இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டி ரெண்டும் வலிக்கிறது. ஐம்பத்தெட்டு வயசில் எனக்கு ஜிகினா வைத்த சட்டையும் வெள்ளிக் கலரில் பேன்ட்டும் தைத்துப் போட்டு மேடையில் ஏற்றுகிறார்கள்டி. டிஸ்கோவாம். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

"மத்தியான டிஸ்கோ" என்று ஒரு ஆல்பம். ஏழு பாட்டு, எல்லாம் என் பேரில். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் பாட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு நின்றால், காலேஜ் பிள்ளைகள் வந்து "மேடம், ஒரே ஒரு செல்ஃபிங்க" என்கிறார்கள். ஜெகதாப்பட்டினத்தில் மீன் படகுக்கு ஐஸ் ஏற்றும்போதுகூட என் பாட்டைத்தான் போடுகிறார்களாம். நம் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்த சின்னையா போன் பண்ணி, "செல்வி, கடைசில நீ ஜெயிச்சுட்ட தாயி" என்று அழுதார். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ போன பிறகு என் பிழைப்பு எப்படி இருந்தது தெரியுமா? கச்சேரி என்று யாரும் கூப்பிடவில்லை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து, இவ்வளவுதான். மொய் விருந்துப் பந்தலில் பாடுவது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. ஆயிரம் பேர் கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்கள், ஒருத்தர் தலையும் நிமிராது. நடுவில் மைக்கைப் பிடுங்கி, "கறி பத்தல, மூணாவது வரிசைக்குக் கறி" என்பார்கள். நான் விட்ட இடத்திலிருந்து மறுபடி பாட வேண்டும்.

அப்படி ஒரு பந்தலில்தான் பிரபு வந்தான். அறந்தாங்கிப் பையன், கம்ப்யூட்டரிலேயே பாட்டுக்கு மியூசிக் போடுகிறவன். அவன் மாமா வீட்டுப் பரணில் நம் பழைய கேசட் கிடைத்ததாம். "அக்கா, இதுல நடுவுல ஒரு நாலு வரி வருதே, அது யாருங்க, நீங்களா?" என்று கேட்டான். சுற்றிலும் ஒரே சத்தம். நான் ஆமாம் என்றேன்.

அந்த ஒரு ஆமாம்தான், அமலி. அதற்குமேல் என்னால் பின்வாங்க முடியவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். இதைப் பத்திரிகையில் படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும், அதனால் சொல்கிறேன். நம் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், இன்னொருத்தி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் குரலிலேயே பாடிக் கொடுப்பாள். முன்னால் நிற்கிறவள் வாயை மட்டும் அசைப்பாள். யார் குரல் வேண்டுமானாலும் நமக்கு வருமே, அதுதானே நம் தொழில். உனக்கு நான் எத்தனை ஊரில் பாடிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு நீ எத்தனை ஊரில்! ஏமாற்று வேலை என்று ஒரு நாளும் நமக்குத் தோன்றியதில்லை. ஒருத்தி சேலையை இன்னொருத்தி கட்டிக்கொள்வது மாதிரிதான் இருந்தது.

கேசட் போடத் திருச்சிக்குப் போனோம். அதற்கு முந்தின மூன்று நாளும் ஆவுடையார்கோவில் பக்கம் எனக்கு விடாமல் கச்சேரி. கடைசிப் பாட்டின் நடுவில் அந்த நாலு வரி வந்ததும், தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஸ்டூடியோ அன்று ஒரு நாள்தான் நமக்கு. நீ சும்மா எனக்குத் துணைக்கு வந்தவள். "தள்ளுடி அங்கிட்டு, நான் பாடிக் குடுக்குறேன். ஒன் கொரல் எனக்கு வராதா என்ன?" என்று மைக் முன்னால் போய் நின்றாய். ஒரே டேக். கடைசி வார்த்தையில் உனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடு பதிவாகிவிட்டது. கேசட் மேல் என் படம், என் பேர். உன் பேரைப் போடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, கேட்க உனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேசட்டை அப்போது யாரும் சீந்தவில்லை. இப்போது பிரபு அந்த நாலு வரியை என்னையே திரும்பப் பாடச் சொன்னான். பாடினேன். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை பாடினேன். குரலெல்லாம் வந்தது, அந்தக் குறும்பு வரவில்லை. அவன் பாவம், மரியாதைக்காரப் பையன். "பரவால்லக்கா, வயசாகுதுல்ல. பழைய கேசட்லேருந்தே எடுத்துக்கிறேன்" என்றான். எடுத்துக்கொண்டான். மற்ற ஆறு பாட்டையும், ஏழாவதில் மீதியையும் நான்தான் பாடியிருக்கிறேன், உழைத்துத்தான் பாடியிருக்கிறேன். ஆனால் ஜனங்கள் கேட்பது அந்த நாலு வரியைத்தான். பிள்ளைகள் ரீல்ஸ் போடுவதும் அதற்குத்தான். பேட்டி எடுக்க வருகிற பெண், "அந்தச் சிரிப்பு எப்படி மேடம் வந்துச்சு?" என்கிறாள்.

மேடையில் அந்த இடம் வந்ததும் பிரபு உன் குரலை ஓட விடுவான். நான் வாயசைப்பேன். நீ பாடிக் கொடுத்து நான் வாயசைப்பது நமக்குப் புதுசு இல்லைதான். ஆனால் முன்பெல்லாம் முடிந்ததும் திரும்பிப் பார்ப்பேன், நீ பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாய். இப்போது திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அலுத்துப் போச்சுடி எனக்கு. கைதட்டு கேட்டால் அப்படியே படுத்துக்கொள்ளலாம் போல வருகிறது.

இதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆல்பம் வந்த மூன்றாவது வாரம் உன் மகள் ரோஸி போன் பண்ணினாள்.

"சித்தி, அந்தப் பாட்டுல நடுவுல சிரிக்கிறது எங்கம்மா மாதிரியே இருக்கு. அம்மாவா அது?"

மறுநாள் மதுரையில் நிகழ்ச்சி. அதற்கப்புறம் வரிசையாக ஊர்கள். எல்லாம் போய்விடும், மறுபடி அந்தக் கறிப் பந்தல்தான் என்று ஒரு நொடியில் மனசு கணக்குப் போட்டது.

"இல்லம்மா, நான்தான். எங்க ரெண்டு பேருக்கும் அப்ப ஒரே மாதிரி இருக்கும்" என்றேன்.

"சரிங்க சித்தி. பழைய போன் போனதோட அம்மா பேசுனதெல்லாம் போயிருச்சு. அம்மா கொரலு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல, அதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

உன்னை அடக்கம் பண்ணின அன்று என் மடியில் படுத்து அழுத பிள்ளை, அமலி. அவளிடம் போய் உன் குரலை என் குரல் என்று சொன்னேனே, நான் மனுஷியா? நீ இருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாயா, இல்லை "போடி லூசு" என்று விட்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஐந்து மாசம் ஓடினேன். ஊர் ஊராகக் கைதட்டு வாங்கினேன். ரோஸி போன் பண்ணினால் எடுக்கவில்லை.

போன மாசம் புதுக்கோட்டையிலேயே நிகழ்ச்சி என்று முடிவானது. நம் ஊரில், நம் ஜனங்களுக்கு முன்னால் உன் வரிக்கு நான் வாயசைக்க வேண்டும். என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. பிரபுவிடம் சொன்னேன். "இப்பப் போயி சொல்லணுமாக்கா? எல்லாரும் நம்மளத் திட்டுவாங்கக்கா" என்றான். திட்டட்டும் தம்பி, பாட்டைப் பிரித்து அந்த நாலு வரியை மட்டும் மியூசிக் இல்லாமல் என் போனுக்கு அனுப்பு என்றேன். முனகிக்கொண்டே அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆவூரில் ரோஸி வீட்டுக்குப் போனேன். அவள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அதற்குக் கட்டின வெள்ளைச் சேலைகூட மாற்றாமல் டீ போட்டுக் கொடுத்தாள். "என்ன சித்தி, பெரிய ஆளாயிட்டீங்க, போனே எடுக்க மாட்டேங்கிறீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் உன் சிரிப்புதான். டீயைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நான் கேட்டப்ப இல்லன்னீங்களே" என்றாள்.

"ஆமாம்மா."

"அஞ்சு மாசமாக் கடைத்தெருவுல, பஸ்ஸுல, எங்கிட்டுப் போனாலும் அந்தப் பாட்டு. அம்மா மாதிரி இருக்கேன்னு காதப் பொத்திக்கிட்டு வந்திருக்கேன். அது அம்மாவேதானா?"

போனில் இருந்ததை அவளுக்கு அனுப்பினேன். அவள் அதைத் தொடவில்லை. "நீங்க கெளம்புங்க" என்றாள். மூணு மைல் நடந்த மாதிரி இருந்தது, அவள் வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள்.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு மெசேஜ் வந்தது. "கேட்டேன். புதுக்கோட்டைல எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்? நான் முன்னாடி ஒக்காரணும்." அவ்வளவுதான். சித்தி என்கிற வார்த்தை அதில் இல்லை. மேலேயும் கீழேயும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சரி, அது எனக்கு வேண்டியதுதான். இனிமேல் என்னைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா யோசிச்சுக்கங்கம்மா" என்றார். யோசித்து யோசித்துத்தான் இந்தக் கதிக்கு வந்தேன், போடுங்கள் என்றேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அமலி. புதுக்கோட்டையில் அந்தப் பாட்டுக்கு முன்னால் உன் பேரைச் சொல்வேன். அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் சேர்த்து முழுசாகச் சொல்வேன். உன் நாலு வரி வரும்போது மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பேன். சட்டையில் ஜிகினா மினுங்கிக்கொண்டு, ஊரே பார்க்க, சும்மா நிற்பேன். உன் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து உன்னைக் கேட்கட்டும்.

உன் செல்வி,
ரோஸி இப்போதைக்குச் சித்தி என்று கூப்பிடாத அவள் சித்தி.