இடப்பக்கச் சக்கரத்துக்கு ரப்பர்

3-10-83, திங்கள்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் கொல்லிமலைப் பக்கம் கறுப்பு.

காரை நான் விற்கப் போவதில்லை. எதிர்வீட்டு ராசம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவருவது பொய். விற்க நினைப்பவள் வெளியே பெயின்ட் அடிப்பாள். யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்பக்கம் ரப்பர் வைக்க அளவெடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். எனக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் இப்போதெல்லாம் ஓட்டுவதில்லை என்றும் சொல்கிறாளாம். அதுவும் பொய். கண் நன்றாக இருக்கிறது. பக்கத்து இருக்கைதான் காலி.

அந்த இருக்கை பாவாயியுடையது. என் வீட்டுக்காரரின் தங்கை. நான் மணமாகி வந்த வருஷமே அவள் தாலியறுத்துப் பிறந்த வீடு திரும்பினாள். அன்று முதல் ஒரே கூரை. அவர் போன பிறகு இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலமானால் காரில் ஒரு சுற்று. நான் ஓட்ட, அவள் லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக்கொண்டு வருவாள்.

வைகாசியில் அவள் தம்பி கந்தசாமி ஆத்தூரில் புது வீடு புகுந்தான். நான்தான் கொண்டுபோய் விட்டேன். பத்து நாளில் வருவதாகப் பேச்சு. ஐப்பசி பிறக்கப்போகிறது.

ஆத்தூர்ச் சாலையை நினைத்தாலே எரிச்சல். ஜவ்வரிசி மில்கள். மாவு கழுவிய தண்ணீர் சாலையில் ஓடுகிறது. புளித்த நாற்றம். அது பட்ட தகரம் பிழைக்காது. இடது முன்சக்கரத்துக்கு மேலே எப்போதோ விழுந்திருந்த துருவை அது தின்று ஓட்டையாக்கிவிட்டது. பா. எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறுவாள். முன்னால் பிள்ளையார் இருக்கிறார், காரும் ஊடு மாதிரிதான் என்பாள். வெறும் காலில் அந்தத் தண்ணீர் முழுக்க அடித்தது. பட்டுப்புடவை முழங்கால் வரை வெள்ளை.

கந்தசாமி வீட்டு வாசலில் இறங்கியதும், கூடியிருந்தவர்கள் முன்னால், அண்ணன் மனைவியான என்னிடம் பா. சொன்னாள்:

"ஏனுங்க நங்கை, உங்க காரு எறங்கறதுக்கு முன்னாலயே காலக் கழுவி உட்டுருதுங்களே! இப்படி மரியாத எந்தச் சம்பந்தி ஊட்லயும் பாத்ததில்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மறுநாள் கிளம்பும்போது ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஓட்டைய அடச்சுப்போட்டு வாங்க. நான் வாரேன்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா? நான் கண்ணாடியில் பின்னால் மாட்டுவண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

5-10, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

பட்டறை எதிலும் இடமில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் ஊரிலுள்ள லாரி அத்தனையும் வரிசையில் நிற்கிறது. சின்னக் காரை எவன் மதிக்கிறான்? வீட்டிலேயே செய்துகொள்வது என்று முடிவு. டிராக்டர் ஓட்டும் குப்புசாமி முன்பு லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவன். வாய்தான் அதிகம்.

வாங்கியது:
தகரம், ஒரு துண்டு
துருவுக்கு ரெட் ஆக்சைடு, சின்ன டப்பா
தார் கொஞ்சம்
போல்ட், நட்டு, அகல வாஷர்
உப்புத்தாள்
பழைய லாரி டியூப் ஒன்று

டியூப் டயர்க்கடை நாசர் பாயிடம். நான் புது ரப்பர் ஷீட்தான் கேட்டேன். பாய் கேட்கவில்லை.

"ஷீட்டு என்னத்துக்குங்கம்மா? அது பாய் மாதிரி தட்டையா நிக்கும். டியூப்ப அறுத்தீங்கன்னா தன்னால வளைஞ்சு உக்காரும். அது பொறந்ததே வட்டமாங்க."

"கிழிசல் இல்லாததாகக் கொடுங்கள்."

"கல்கத்தா வரைக்கும் போயிட்டு வந்த டியூப்புங்க. ஆத்தூருக்கு அதுக்கு வழி சொல்லவா வேணும்?"

ஆத்தூர் என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. முகத்தை மாற்றாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு ரசம், அப்பளம். ஒருத்திக்குச் சமைப்பதில் உப்பின் அளவு இன்னும் பிடிபடவில்லை.

6-10, வியாழன்

அமாவாசை. இரும்பைத் தொடக் கூடாத நாளா என்று கு. கேட்டான். தொடலாம் என்றேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே வைகாசி மாதத்துச் சேறு. காய்ந்து, வெளுத்து, பால்கோவா மாதிரி ஒட்டிக்கொண்டு. சுரண்டச் சுரண்டத் துரு செதில் செதிலாக வந்தது. ஓட்டை நான் நினைத்ததைவிடப் பெரிது. உள்ளங்கை நுழையும். அதன் வழியே பார்த்தால் பா. கால் வைக்கும் இடம் தெரிகிறது. கார் மிதியடியைத் தூக்கினேன். கிராம்பு. அவள் வாயில் போடும்போது சிந்துவது. பொறுக்கிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் வைத்து அடைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. காயும் வரை செய்தித்தாளில் மாதிரி வெட்டினேன். கான்வென்டில் தையல் சிஸ்டர் சொல்வது: முதலில் காகிதம், பிறகுதான் துணி. சக்கரத்தின் மேல்வளைவு அச்சாகக் கைத்தையல் ரவிக்கையின் தோள் வளைவு. ஓரத்தில் மூன்று இடத்தில் மடிப்புப் பிடித்தேன். சுருக்கம் விழாமல் உட்கார்ந்தது.

கு. தலையைச் சொறிந்தான். "ஏனுங்கம்மா, இது காருங்களா, கல்யாணப் பொண்ணுங்களா? கை வெச்சுத் தெக்கறீங்க, கழுத்தும் வெப்பீங்களா?"

"வேலையைப் பார்."

"லாரிக்கெல்லாம் கண்ணால அளந்து அப்படியே அடிப்பமுங்க. ஒரு நாளும் பேப்பரு வெட்டுனதில்ல."

தார் பூசி, ரப்பரை வைத்து, வாஷர் போட்டு முடுக்கினான். தையல்காரி கண்ணுக்குக் குறையில்லை. நான்கு சக்கரத்துக்கும் இதையே செய்யலாமே என்றான். இது ஒன்று போதும்.

9-10, ஞாயிறு

வெயில். காக்கைகள் ஒரே சத்தம்.

தார் காய்ந்தது. நான் மட்டும் ஏறி மோகனூர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வாய்க்கால் ஓரம் தேங்கியிருந்த தண்ணீரில் வேண்டுமென்றே இறக்கினேன். நிறுத்தி, அந்தப் பக்கம் போய்க் கார்த்தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த தரை. சத்தம் இல்லை, உரசல் இல்லை. நடுச்சாலையில் நின்று சிரித்தேன். சைக்கிளில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

வியாழக்கிழமை ஆத்தூர் போய்விடுவது என்று முடிவு. கதவைத் திறந்து வைப்பேன். "ஓட்டை அடைத்தாயிற்று" என்பேன். வேறு பேச்சு வேண்டாம். ஏறுவாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு யோசனை. அவள் ஏறினால்?

தோட்டத்திலிருந்து வந்த கடலைக்காய் மூட்டையைக் கு.வைத் தூக்கச் சொல்லி முன்சீட்டில் உட்கார வைத்தேன். பா. எடை எனக்குத் தெரியும். அரிசி மில் தராசில் ஏறி நின்று, "நானும் ஒரு மூட்டதானுங்க" என்று சிரித்தவள். அது குறைந்தால் சரியாக இருக்கட்டும் என்று மேலே ஒரு கோணிப்பை பருத்திக்கொட்டையும் வைத்தேன்.

கோட்டை முக்கில் திருப்பினேன். கரகரவென்று உரசல். அடுத்த திருப்பத்தில் ரப்பர் தீயும் நாற்றம்.

வாசலில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். புரிந்தது. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது அளவெடுத்திருக்கிறோம். லாரிக்குச் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஆட்டுக்குட்டி படுக்கலாம். எப்படி அடித்தாலும் தாங்கும். இது சின்னக் கார். ஓர் ஆள் ஏறினால் அமர்ந்துவிடும். இவன் லாரிக்கு அடித்தான். நான் ரவிக்கைக்கு வெட்டினேன். போட்டுக்கொள்பவள் எதிரில் இல்லாமல் வெட்டினேன்.

யாரும் ஏறாத காருக்கு அளவெடுத்திருக்கிறேன்.

 

10-10, திங்கள்

தூறல். விட்டு விட்டு.

மறுபடி பிரித்தோம். இந்த முறை என் முறைப்படி. மூட்டை சீட்டிலேயே இருக்க வேண்டும். சக்கரம் தரையில் நிற்க வேண்டும். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயர் எங்கே வந்து தொடுகிறது என்று சாக்பீஸால் குறி. குறிக்கு உள்ளே இருந்த ரப்பரை வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தகரத்தோடு இறுக ஒட்டினோம். மேல்வரிசை போல்ட்டின் நட்டு டயர்ப் பக்கம் இருந்ததை வெளிப்பக்கம் மாற்றச் சொன்னேன். கீழ்முனையை மூடவில்லை, சேறு வந்தால் வந்த வழியே விழட்டும்.

கு. மல்லாந்து படுத்துக்கொண்டே: "கடலையம்மாளுக்குச் சவுரியமா இருக்குதுங்களா? காத்து வருதுங்களா?"

"அவள் உன்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள்."

"நம்ம அம்மணி இருந்தா இந்நேரம் எனக்குக் காப்பி வந்திருக்குமுங்க."

எழுந்து போய்க் காப்பி போட்டேன். பா. போடுகிற மாதிரி வரவில்லை. பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தான். அவனுக்கும் தெரிகிறது.

மாலை மூட்டையோடு ஒரு சுற்று. கோட்டை முக்கு, பஸ் ஸ்டாண்ட், சேந்தமங்கலம் சாலை. சத்தம் இல்லை. முன்னால் போன லாரியின் பின்புறத்தை உரக்கப் படித்தேன்: "பொறாமைப்படாதே, நானும் கடன்தான்." காரில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

12-10, புதன்

மழை. கொல்லைக் கிணறு ஒரு முழம் ஏறியிருக்கிறது.

ராசம்மாள் புதிதாகச் சொல்கிறாள்: அந்த அம்மா கடலை யாவாரத்தில் இறங்கிவிட்டது, மூட்டையைக் காரில் வைத்து ஊர் சுற்றுகிறது. சொல்லட்டும்.

மூட்டையை ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கு. கேட்டான். மழையில் நனையும் என்றேன்.

நாளை கிளம்புவதைச் சொல்வோம் என்று ஆத்தூருக்கு டிரங்க் கால். காத்திருந்து கிடைத்தது. கந்தசாமிதான் எடுத்தான்.

"நங்கைங்களா! நல்லா இருக்கறீங்களா? அக்கா இங்க ராசாத்தி மாதிரி இருக்குதுங்க. பொறந்தவன் நான் இருக்கறப்ப உங்களுக்கு எதுக்குங்க வீண் தொந்தரவு? தீவாளி நோம்பிக்கு நீங்களும் இங்கயே வந்துருங்க."

"அவளைக் கூப்பிடு."

"கொழந்தைகளோட இருக்குதுங்க. என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிப்போடறேன்."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கேட்டது. குழந்தைகள் கத்தல், நடுவே பா. சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தெருவில் ஆயிரம் பேர் சிரித்தாலும் பிரித்துச் சொல்வேன். ஆக, அங்கேயும் சிரிக்கிறாள். அங்கே சந்தோஷமாக இருந்துவிட்டால்? ஜன்னலில் கை வைத்துச் சொன்னது வெறும் வழியனுப்பும் பேச்சாக இருந்தால்? அத்தனை பேர் முன்னால் நான் கார்க்கதவைத் திறந்துகொண்டு நிற்க, அவள் தம்பி முகத்தைப் பார்த்தால்?

"ஒன்றுமில்லை. சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

யாரையும் வா என்று நான் கேட்டதில்லை. வந்தவர்கள் வந்தார்கள். அவளும் அப்படித்தான் வந்தாள், ஒரு தகரப்பெட்டியோடு. இரு என்றுகூட நான் சொன்னதாக நினைவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். அது போதும் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

13-10, வியாழன்

மழை விட்டது. நல்ல குளிர்ச்சி. கிளம்ப வேண்டிய நாள். கிளம்பவில்லை.

காலையில் இன்லண்டு லெட்டர் எடுத்து மூன்று பக்கமும் நிரப்பினேன். தோட்டம், மழை, கிணறு, பசு சினை. படித்துப் பார்த்தேன். நல்ல நடை. சிஸ்டர் பார்த்தால் மெச்சுவார். சொல்ல வேண்டியது ஒன்றும் அதில் இல்லை. கிழித்தேன்.

போஸ்ட் கார்டு எடுத்தேன். கார்டு என்றால் தபால்காரன் படிப்பான், கந்தசாமி படிப்பான், அவன் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த அத்தனை குழந்தையும் படிக்கும். படிக்கட்டும்.

மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். எழுதியதை இங்கே ஒரு பிரதி:

பாவாயிக்கு. மட்கார்டு ஓட்டையை அடைத்துவிட்டேன். மேலே ரப்பர் வைத்திருக்கிறேன், நீ ஏறி உட்கார்ந்தாலும் உரசாதபடி. செருப்பைக் கழற்றிவிட்டே ஏறலாம், கால் நனையாது. அன்று நீ சொன்னது விளையாட்டுக்கா என்று எனக்குத் தெரியாது. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வா என்று கேட்கிறேன். போனில் கந்தசாமி சொல்வது எனக்கு வேண்டாம். வருகிறாயா, இல்லையா என்று உன் கையால் எழுதிப் பதில் போடு.