இதயம் நின்றது என்று எழுதியிருக்கிறார்கள்

அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் பாளையங்கோட்டையிலிருந்து டவுணுக்கு பஸ் ஏறி வந்து, உங்களுடைய கேஸ் ஷீட் நகலை என்னிடம் கொடுத்தாள். முதல் தாளில், இறப்பின் காரணம் என்ற கட்டத்தில், இதயமும் மூச்சும் நின்றன என்று மட்டும் எழுதியிருந்தது. “அப்பாவுக்கு என்னதான் செஞ்சுது மாமா? எனக்கு ஒண்ணும் விளங்கல” என்றாள்.

நீங்களாக இருந்தால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அரசு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில், நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் வேலையில் நான் சேர்ந்த முதல் வாரம், இதே மாதிரி ஒரு தாளுக்கு எண் போட்டுவிட்டேன். “ஏன் வே, சாகுத எல்லாருக்கும் இதயம் நிக்கத்தான செய்யும்? நிக்காம எவன் போனான்? எதனால நின்னுதுன்னு பின்னால தேடும்” என்று சிரித்தீர்கள். நர்சுகளின் குறிப்பு வரைக்கும் புரட்ட வைத்தீர்கள். நான் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். அது விழும்வரை அடுத்த தாளைத் தொட மாட்டேன்.

பிறகு அந்த உத்தரவு வந்தது. குறியீடு போடுகிறவரிடம் மருத்துவப் பதிவேட்டுப் படிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். என்னிடம் அது இருந்தது, பட்டமும் இருந்தது. உங்களிடம் பள்ளிப் படிப்பும் பதினெட்டு வருட வேலையும். கண்காணிப்பாளர் என்னை அழைத்தார். “சான்றிதழ் உள்ளவர் நீர்தான். அண்ணாச்சிக்கு வேலை தெரியும்னு ஒரு கடிதம் எழுதித் தாரும். விலக்குக் கேட்டு மேல அனுப்புதேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்றார்.

எழுதினேன். மூன்று முறை எழுதினேன். அப்படி எழுத எனக்கு அதிகாரம் உண்டா என்று விதிகளில் தேடினேன். எனக்கே வேலை கற்றுத் தந்தவர் என்று எழுதினால் என் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்றும் பயந்தேன். வெள்ளிக்கிழமை போயிற்று. கடிதம் என் மேசை டிராயரிலேயே கிடந்தது.

உங்களை வெளிநோயாளிச் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த ஜன்னல்தான். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருவீர்கள். “என்ன வே சர்டிபிகேட்டு, சாப்ட்டீரா?” என்று கேட்டபடி, உட்காராமலேயே என் தாள்களுக்கு டிக் போட்டுவிட்டுப் போவீர்கள். கடிதத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

உங்கள் மகளை உட்காரவைத்து, தாள்களைப் பின்னாலிருந்து புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: சர்க்கரை, காலில் ஆறாத புண், குளிர்காய்ச்சல்.

“கால்ல இருந்த புண்ணும்மா. அந்தக் கிருமி ரத்தத்துல ஏறிட்டு.”

“செருப்பு கடிச்சதுன்னுல்லா அப்பா எங்ககிட்ட சொன்னாங்க” என்று அழுதாள்.

அவள் போனபின் அந்த நோய்க்குரிய எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். குறியீட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே கை எழுதியது. நம்பாமல் புத்தகத்திலும் இரண்டு முறை பார்த்தேன். சரி என்றுதான் தோன்றுகிறது, அண்ணாச்சி. பக்கத்தில், வழக்கம்போல, டிக்குக்கு இடம் விட்டிருக்கிறேன்.